கும்பகர்ணன் ஏன் மெதுவாக நடந்தான்?

“படம் சூப்பர்!”

“ரொம்ப மெதுவாப் போச்சு.”

“வாய் ஒண்ணு சொல்லுது, காதுல வேற கேக்குது.”

“கும்பகர்ணன் எழுந்தப்ப நான் கண்ணை மூடிக்கிட்டேன்.”

“எனக்குப் பிடிச்ச சீனே அதுதான்!”

நசரத்பேட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஒரு விடுமுறை நாளில் ஒன்றாக உட்கார்ந்து ஒரு படம் பார்த்தார்கள். பார்த்து முடித்ததும் எழுதிக் கொடுத்த கருத்துகளில் சில இவை. ஒரே படம், ஒரே திரை, ஒரே நேரம். கருத்து மட்டும் ஆளுக்கு ஒன்று!

அந்தப் படம் ஜப்பானில் உருவான ராமாயணம். யூகோ சாகோ என்ற ஜப்பானியர் 1983இல் ஒரு அகழாய்வைப் பற்றி ஆவணப்படம் எடுக்க இந்தியா வந்தார். வந்த இடத்தில் ராமாயணக் கதை அவரைப் பிடித்துக்கொண்டது. ராமனாக ஒரு நடிகரை நடிக்க வைப்பதைவிட ஓவியமாக வரைவதே பொருத்தம் என்று அவருக்குத் தோன்றியது. நம் நாட்டு அனிமேஷன் முன்னோடி ராம் மோகனும், ஜப்பானிய இயக்குநர் கோயிச்சி சசாகியும் அவருடன் சேர்ந்து இயக்கினார்கள். சுமார் 450 கலைஞர்கள், ஏறக்குறைய ஒரு லட்சம் கையோவியங்கள். வேட்டியின் மடிப்பு எப்படி விழும், பெரியவர்களை எப்படிக் கும்பிடுவார்கள் என்பதையெல்லாம் இந்தியக் கலைஞர்கள் சொல்லிக்கொடுக்க, ஜப்பானியர்கள் வரைந்தார்கள். 1993 ஜனவரியில் டெல்லியில் நடந்த இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவில் படம் திரையிடப்பட்டது. 2025 ஜனவரி 24 அன்று 4கே தரத்தில் மெருகேற்றப்பட்டு, தமிழிலும் பேசிக்கொண்டு தியேட்டர்களுக்கு வந்தது.

பிள்ளைகள் வாய் திறக்கும் முன்பே ஆளுக்கு ஒரு துண்டுத் தாளும் பென்சிலும் கொடுத்துவிட்டேன். “யாரும் பேசக் கூடாது. முதலில் எழுதுங்கள், அப்புறம் பேசலாம்” என்று கண்டிப்பாகச் சொன்னேன். “ஏன் அத்தை, பரீட்சையா?” என்று முகம் சுளித்தார்கள். காரணம் இருக்கிறது.

1951இல் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். ஒரு அட்டையில் ஒரு கோடு. இன்னொரு அட்டையில் மூன்று கோடுகள். அந்த மூன்றில் எது முதல் கோட்டின் நீளத்துக்குச் சமம் என்று சொல்ல வேண்டும். பார்த்தவுடன் தெரிந்துவிடும், அவ்வளவு எளிது. ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள். அவர்கள் வேண்டுமென்றே, ஒரே குரலில், தவறான கோட்டைக் காட்டினார்கள். கடைசியில் பதில் சொல்ல வேண்டிய அந்த ஒருவர் என்ன செய்தார்? சோதனையில் கலந்துகொண்டவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர், ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தவறான பதிலையே சொன்னார்கள். தங்கள் கண் சரியாகக் காட்டியும்!

கண்ணெதிரே இருக்கும் கோட்டுக்கே இந்தக் கதி என்றால் சினிமா கருத்து என்னவாகும்? தெருவில் பெரிய அண்ணன் “போர்” என்று சொல்லிவிட்டால் அப்புறம் “எனக்குப் பிடிச்சுது” என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அதனால்தான் தாள். எழுதிவிட்டால் அது உங்கள் சொந்தக் கண்ணும் காதும் பார்த்துக் கேட்டுக் குறித்தது. அறிவியலில் அதற்குக் கவனிப்பு என்று பெயர். ஆராய்ச்சி அதிலிருந்துதான் தொடங்குகிறது.

ஒரு நிபந்தனையும் போட்டேன். “நல்லா இருந்துச்சு, நல்லா இல்ல” என்று எழுதிவிட்டு நிறுத்தக் கூடாது. எந்த இடத்தில் அப்படித் தோன்றியது என்றும் எழுத வேண்டும். அந்த “எந்த இடத்தில்” வந்தவுடனே தாள்கள் சுவாரசியமாகிவிட்டன.

முதலில் எடுத்த தாளில் இருந்தது இது: “ஆளுங்க நடக்கும்போது வழுக்கிக்கிட்டுப் போகல, விட்டு விட்டு நடக்கிறாங்க.”

எழுதிய பெண்ணுக்குக் கூர்மையான கண். திரையில் எதுவுமே நகர்வதில்லை என்பதுதான் உண்மை. விநாடிக்கு 24 அசையாத படங்கள் வந்து போகின்றன. ஒவ்வொன்றும் ஒரு பிரேம். நகர்வதைப் போல ஆக்குவது நம் மூளை. 1912இல் ஜெர்மனியில் மாக்ஸ் வெர்தைமர் இதை அழகாகக் காட்டினார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடுகள். ஒன்று தெரிந்து மறைந்ததும் இன்னொன்று தெரியும். இடைவெளி ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு என்றால், ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு கோடுகள் தெரிந்தன. இடைவெளியை மிகவும் குறைத்தால் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. நடுவில், சுமார் 0.06 விநாடியில் வைத்தபோது, ஒரே கோடு இங்கிருந்து அங்கே தாவியதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். தாவியது எதுவும் இல்லை. இடையில் இருந்த வெற்றிடத்தை மூளையே நிரப்பிக்கொண்டது. கண்ணுக்குள் பழைய படம் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் சினிமா நகர்கிறது என்று பழைய புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அது மட்டும் போதாது. ஒட்டிக்கொண்டே இருந்தால் 24 படமும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து கலங்கித்தானே தெரிய வேண்டும்?

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். பகல் வெளிச்சம் நன்றாக விழும் அறையில் மூன்று இறக்கை மின்விசிறியைச் சுற்றவிட்டு, அப்பாவின் மொபைலில் வீடியோ எடுங்கள். பெரும்பாலான மொபைல்கள் விநாடிக்கு 30 படம் எடுக்கும். விசிறி நிமிடத்துக்கு 330 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே இறக்கை 66 டிகிரி நகர்ந்திருக்கும். இறக்கைகளுக்கு நடுவே இருப்பதோ 120 டிகிரி. அதனால் பின்னால் வந்த இறக்கை, முன்னது இருந்த இடத்துக்கு 54 டிகிரி பின்னால் வந்து நிற்கும். மூன்றும் ஒரே மாதிரி இருப்பதால் எது எது என்று மூளைக்குத் தெரியாது. 66 முன்னாலா, 54 பின்னாலா என்று பார்த்து, குறைந்த தூரத்தை எடுத்துக்கொள்ளும். வீடியோவில் விசிறி பின்பக்கமாகச் சுற்றும்! ரெகுலேட்டரைக் குறைத்து 300 சுற்றுக்குக் கீழே கொண்டுவந்தால் மறுபடி முன்னால் சுற்றத் தொடங்கும். வெளிவட்டச் சாலையில் ஓடும் லாரிகளின் சக்கரங்கள் சில வீடியோக்களில் பின்னோக்கிச் சுழல்வதும் இதே கணக்கால்தான்.

இப்போது அந்தப் பெண்ணின் தாளுக்கு வருவோம். கையால் வரையும் படங்களில் 24 பிரேமுக்கும் 24 ஓவியம் வரைய மாட்டார்கள். பெரும்பாலும் ஒரே ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்திவைப்பார்கள். அப்படியானால் விநாடிக்கு 12 ஓவியம் போதும். ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர்களில் மூன்று பிரேமுக்கு ஒன்று என்று விநாடிக்கு 8 ஓவியத்தோடு முடித்துவிடுவதும் உண்டு. 1963இல் ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொடர் வந்தபோது ஒசாமு தெசுகா செலவைக் குறைக்க இப்படிப் பல வழிகளைக் கையாண்டார். அந்தப் பெண்ணின் கண் பிடித்தது இந்த இடைவெளியைத்தான்.

கணக்குப் பிடித்தவர்களுக்கு ஒன்று. ராமாயணப் படம் 135 நிமிடம் ஓடுகிறது. 135ஐ 60ஆல் பெருக்கி, அதை 24ஆல் பெருக்கினால் 1,94,400 பிரேம். பாதி 97,200. “அட, ஒரு லட்சம் ஓவியம் என்று சொன்னதோடு ஒத்துப்போகிறதே!” என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். ஒரே பிரேமில் ராமனுக்கு ஒரு தாள், லட்சுமணனுக்கு ஒரு தாள் என்று பல ஓவியங்கள் அடுக்கப்பட்டிருக்கும். சில காட்சிகளில் ஒரே ஓவியம் பல விநாடிகள் அசையாமல் நிற்கும். இரண்டு எண்கள் பக்கத்தில் வந்துவிட்டன என்பதற்காக ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. ஆனாலும் ஒரு படத்துக்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று அந்த அளவு நமக்குக் காட்டுகிறது.

“இப்ப வர்ற கார்ட்டூன் மாதிரி பளபளன்னு இல்ல, ஆனா அழகா இருக்கு” என்றது அடுத்த தாள். அந்த அழகுக்கு ஒரு காரணம், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள். செல் என்று சொல்வார்கள். முன்பக்கம் கோடு, பின்பக்கம் வண்ணம். பின்பக்கம் ஏன்? தூரிகைத் தடமும் திட்டுத் திட்டான பூச்சும் பின்னால் மறைந்துபோகும். முன்னால் இருந்து பார்த்தால் வண்ணம் ஒரே சீராக இருக்கும், கோடும் அழியாது. காட்டையும் அரண்மனையையும் தனியாகக் காகிதத்தில் தீட்டி, அதன் மேல் செல்களை அடுக்கி, மேலே இருந்து கேமராவால் ஒவ்வொரு பிரேமாகப் படம் எடுப்பார்கள். இதில் ஒரு சிக்கல். எவ்வளவு தெளிவான தாளாக இருந்தாலும் கொஞ்சம் ஒளியை விழுங்கும். அடுக்கின் அடியில் இருக்கும் செல்லின் வண்ணம் சற்று மங்கித் தெரியும். அதற்காக, அடியில் போகப்போகும் ஓவியத்துக்கு அதே நிறத்தைக் கொஞ்சம் வெளிறலாகக் கலப்பார்கள். கம்ப்யூட்டரில் எத்தனை அடுக்கு வைத்தாலும் இந்த மங்கல் வராது. அதனால் பளபளப்பு.

அடுத்தது, “வாய் ஒண்ணு சொல்லுது, காதுல வேற கேக்குது.” இதைப் பல பேர் எழுதியிருந்தார்கள். இந்தப் படத்தின் வசனம் முதலில் ஆங்கிலத்தில் பதிவானது. அதனால் தமிழ்க் குரல், வேறு மொழிக்கு வரைந்த வாயின் மேல் உட்கார வேண்டியிருக்கிறது. கண்ணாடி முன் நின்று “மாமா, பாப்பா” என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு உதடும் ஒட்டிப் பிரியும். “காக்கா, தாத்தா” என்று சொல்லுங்கள். உதடு ஒட்டவே ஒட்டாது. தமிழில் ‘ப’வும் ‘ம’வும் வந்தால் உதடு மூடியாக வேண்டும். ஓவியத்தில் வாய் திறந்திருக்கும்போது காதில் “அம்மா” என்று விழுந்தால் மூளை உடனே விழித்துக்கொள்ளும். நல்ல வசனகர்த்தா உதடு மூடும் இடம் பார்த்து ‘ப’வோ ‘ம’வோ வரும் சொல்லைத் தேடிப் போடுவார். உதடு ஒட்டாமலே பாட்டெழுதும் வித்தையைத் தமிழ்ப் புலவர்கள் எப்போதோ செய்து பார்த்துவிட்டார்கள், அதற்கு நிரோட்டகம் என்று பெயர். திருக்குறள் 341ஐக் கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள், உதடுகள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று.

நாம் காதால் மட்டும் கேட்பதில்லை. 1976இல் மெக்கர்க், மெக்டொனால்டு என்ற இரு ஆய்வாளர்கள் ‘பா’ என்ற ஒலியை, ‘கா’ என்று சொல்லும் முகத்தின் மேல் ஓட்டிக் காட்டினார்கள். பார்த்தவர்களில் மிகப் பலருக்கு இரண்டும் இல்லாமல் ‘டா’ என்று கேட்டது. கண்ணை மூடினால் சரியாக ‘பா’!

ஒலி படத்துக்கு முந்தி வந்தால் நமக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும், பிந்தி வந்தால் அவ்வளவு சீக்கிரம் தெரியாது. தொலைக்காட்சிப் பொறியாளர்களின் சர்வதேச அளவுகோலில், ஒலி 0.045 விநாடி முந்தினாலே பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார், பிந்தினால் 0.125 விநாடி வரை கண்டுகொள்ள மாட்டார் என்று இருக்கிறது. ஏன் இந்தப் பாரபட்சம்? இயற்கையில் ஒலி எப்போதும் பிந்தித்தான் வரும். செம்பரம்பாக்கம் ஏரிக்கு மேல் மின்னல் வெட்டியபிறகுதானே இடி கேட்கிறது? ஒலி ஒவ்வொரு 3 விநாடிக்கும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான் கடக்கும். பிந்தி வரும் ஒலி நம் மூளைக்குப் பழக்கம். ஒளிக்கு முந்தி ஒலி வருவதை அது பார்த்ததே இல்லை.

இனி கும்பகர்ணன். இரண்டு தாள்கள் நேர் எதிராக இருந்தன. “கண்ணை மூடிக்கிட்டேன்” என்று எழுதியது ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. “எனக்குப் பிடிச்ச சீனே அதுதான்” என்று எழுதியது ஏழாம் வகுப்பு. சின்னவன் பயந்தாங்கொள்ளி, பெரியவன் தைரியசாலி என்று முடிவு கட்டினால் அது தவறு. அமெரிக்காவில் ஜோஆன் கேன்டர் என்ற ஆய்வாளர் பிள்ளைகளும் திரைப்பயமும் பற்றி நெடுநாள் ஆராய்ந்தவர். ஏழு வயதுக்கு உட்பட்டவர்களை உருவம்தான் அதிகம் பயமுறுத்துகிறது. கோரமாக இருந்தால் பயம், அவ்வளவுதான். வளர வளர, “இது நிஜத்தில் நடந்துவிட்டால்?” என்ற எண்ணம்தான் பயம் தருகிறது. எங்கள் தெருவிலும் அப்படியே. பெரிய பிள்ளைகளிடம் எந்தக் காட்சி மனதைக் கலக்கியது என்று கேட்டால், சீதையைத் தூக்கிக்கொண்டு போகும் காட்சி என்றார்கள். அந்தக் காட்சியில் சின்னவன் முறுக்கு தின்றுகொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் பயம் உண்டு. பயத்தின் வாசல் வேறு வேறு.

சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு வழி சொல்கிறேன். பயமாக இருக்கும் காட்சியில் கண்ணை மூடாமல், சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். பாதிப் பயம் எங்கே இருந்தது என்று நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

“ரொம்ப மெதுவாப் போச்சு” என்ற தாளின் சொந்தக்காரனிடம், எந்த இடத்தில் என்று கேட்டேன். “கும்பகர்ணன் நடக்கும்போது. அவ்ளோ பெரிய ஆளு, வேகமா வந்திருக்கலாம் இல்ல?” என்றான். நல்ல கேள்வி! அதற்குள்ளே இயற்பியல் இருக்கிறது.

ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி ஆட்டுங்கள். கயிறு நீளமானால் ஆட்டம் மெதுவாகும். கயிறு 4 மடங்கு நீளம் என்றால் ஒரு ஆட்டத்துக்கு 2 மடங்கு நேரம். 10 மடங்கு நீளம் என்றால் சுமார் 3.2 மடங்கு நேரம். நடக்கும்போது நம் காலும் இடுப்பிலிருந்து தொங்கி ஆடும் ஒன்றுதான். நாம் ஒரு எட்டு வைக்க அரை விநாடி ஆகும் என்றால், நம்மைவிட 10 மடங்கு உயரமான கும்பகர்ணனுக்கு 1.6 விநாடி ஆகும். வரைபவரின் கணக்கில் பாருங்கள்: விநாடிக்கு 12 ஓவியம் என்றால், நம் எட்டுக்கு 6 ஓவியம், கும்பகர்ணன் எட்டுக்கு 19 ஓவியம். எவ்வளவு பெரிய உருவமாக வரைந்தாலும், அது 6 ஓவியத்தில் எட்டு வைத்தால் நம் கண் நம்பாது. “பக்கத்தில் நிற்கும் சின்ன பொம்மை” என்றே மூளை சொல்லும். மெதுவாக நடந்ததால்தான் அவன் மலை போலத் தெரிந்தான்.

கேள்வி கேட்டவன் இத்தோடு விடவில்லை. “அப்படி ஒரு ஆள் நிஜமா இருக்க முடியுமா?” இதற்குப் பதில் 1638இல் கலிலியோ எழுதிய புத்தகத்தில் இருக்கிறது. உயரம், அகலம், தடிமன் மூன்றும் 10 மடங்கு ஆனால் எடை 1,000 மடங்கு ஆகிவிடும். ஆனால் எடையைத் தாங்கும் எலும்பின் குறுக்குப் பரப்பு 100 மடங்குதான் ஆகும். அதாவது எலும்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 10 மடங்கு சுமை தாங்க வேண்டும். நம் உடல் வடிவத்தை அப்படியே பெரிதாக்கினால் ஓடுவதற்குள் எலும்பு நொறுங்கிப்போகும். எறும்பின் கால் நூல் போல இருக்கிறது, யானையின் கால் தூண் போல இருக்கிறது. காரணம் இதுவே. கும்பகர்ணன் நிஜத்தில் நடக்க வேண்டுமானால் அவனுக்கு நம் கால் போதாது. யானைக் காலைவிடத் தடித்த, நேரான கால் வேண்டும்.

தாள்களில் கீழே பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்றும் எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு அக்கா எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுக்கக் கிளம்பினாள். நான் தடுத்தேன். நாலு பேர் 10 போட்டு, நாலு பேர் 2 போட்டால் சராசரி 6. “இந்தப் படம் சுமார்” என்று அந்த 6 சொல்லும். ஆனால் எட்டுப் பேரில் ஒருவர்கூடச் சுமார் என்று நினைக்கவில்லையே! சராசரியை மட்டும் பார்த்தால் இரண்டு கூட்டமும் காணாமல் போய்விடும். எந்த எண்ணை எத்தனை பேர் போட்டார்கள் என்று கட்டம் கட்டி வரையுங்கள். இரண்டு இடத்தில் மேடு தெரிந்தால், ஏன் இரண்டு மேடு என்று தேடுங்கள். வயதா, கதை முன்பே தெரியுமா தெரியாதா, முன் வரிசையா பின் வரிசையா? அடுத்த படத்துக்கு எங்கள் தெருவில் தாளின் மேலே வயதும் உட்கார்ந்த இடமும் எழுதப்போகிறோம்.

கடைசித் தாளில் மதிப்பெண்ணே இல்லை. ஒரு கேள்வி மட்டும்: “ஆறு மாசம் தூங்கி எழுந்தா எவ்ளோ சாப்பிடுவான்?”

மாக்ஸ் கிளைபர் என்ற விஞ்ஞானி 1932இல் ஒரு விதியைக் கண்டார். விலங்கின் எடை 1,000 மடங்கு ஆனால் அதற்கு வேண்டிய உணவுச் சக்தி 1,000 மடங்கு ஆவதில்லை, சுமார் 178 மடங்குதான் ஆகிறது. நாம் நாளைக்கு ஒரு கிலோ சாப்பிடுகிறோம் என்று வைத்தால் கும்பகர்ணனுக்கு நாளைக்கு 178 கிலோ. ஆறு மாதப் பாக்கியையும் சேர்த்துத் தின்றால் 32 டன். ஆனால் குளிர்காலம் முழுக்கத் தூங்கும் அமெரிக்கக் கருங்கரடியை ஆராய்ந்தவர்கள், தூக்கத்தில் அதன் உடல் வழக்கமான சக்தியில் கால் பங்கைத்தான் செலவழிக்கிறது என்று அளந்திருக்கிறார்கள். கும்பகர்ணனும் கரடி மாதிரி தூங்கியிருந்தால் 8 டன் போதும்.